ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மீட்டர் போர்டில் சிவப்பாக ஓர் எண்ணெய்க் குவளை, அதன் மூக்கில் ஒரு சொட்டு. ஓடுகிற வண்டியில் அது எரிந்தால் வேலை ஒன்றுதான்: சீக்கிரம் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துவது. வடசென்னையின் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரி நிற்கும்போது இது எளிதில்லை என்பது உண்மை. நான்கு விளக்கையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, நியூட்ரலில் உருட்டி இடது ஓரத்துக்கு வந்த பிறகு சாவியைத் திருப்புங்கள். ஓடும்போதே அணைத்தால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கும் கல் மாதிரி ஆகிவிடும்.

"வீடு ரெண்டு கிலோமீட்டர்தான், மெதுவா ஓட்டிப் போயிடலாம்" என்ற நினைப்புதான் அதிக இன்ஜின்களைச் சாகடிக்கிறது. இன்ஜினின் சுழலும் மையத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் மேல் உட்கார்ந்து சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது, அதில் மிதந்துதான் சுற்றுகிறது. பம்ப் ஆயிலை அழுத்தி அனுப்புவது நின்றால் படலம் அறுந்து இரும்பும் பேரிங்கும் நேராக உரசும். பேரிங் பிய்வதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். பிரஷர் சுவிட்ச் சில நூறு ரூபாய். கிராங்க் எடுத்து லேத்தில் கிரைண்டிங் போட்டால் செலவு பல பத்தாயிரத்துக்குப் போகும்.

இந்த விளக்கு ஆயில் குறைவாக இருக்கிறது என்று சொல்லவில்லை, அழுத்தம் இல்லை என்று சொல்கிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் ஆயில் முழுசாக இருந்தும் விளக்கு எரியலாம். ஒரு லிட்டர் குறைந்திருந்தும் எரியாமல் இருக்கலாம். சில வண்டிகளில் ஆயில் அளவுக்கென்று மஞ்சள் நிறத்தில் தனி விளக்கு உண்டு. மஞ்சளும் சிவப்பும் ஒன்றல்ல.

சாவியைப் போட்டதும் விளக்கு எரியவே இல்லை

பலரும் கவனிக்காமல் விடுவது இது, ஆபத்து அதிகம் உள்ளதும் இதுதான். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பினால் அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆன இரண்டு மூன்று நொடியில் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் உங்கள் வண்டிக்கு எச்சரிக்கையே கிடையாது.

பழைய மாடல்களிலும் பெரும்பாலான சிறிய கார்களிலும் இது ஒற்றை ஒயர் சுவிட்ச். அழுத்தம் இல்லாதபோது உள்ளே தொடர்பு சேர்ந்திருக்கும், மின்சாரம் இன்ஜின் உடம்பு வழியாக எர்த் ஆகி விளக்கு எரியும். அழுத்தம் சுமார் 0.2 முதல் 0.5 பார், அதாவது 3 முதல் 7 பிஎஸ்ஐ வந்ததும் உள்ளே இருக்கும் டயஃப்ரம் தூக்கித் தொடர்பைப் பிரிக்கும், விளக்கு அணையும். இந்த அமைப்பில் ஒயர் அறுந்தாலோ முனை துருப்பிடித்தாலோ விளக்கு எரியாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரையை ஒட்டி நிற்கும் வண்டிகளில் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பித்தளை முனையில் பச்சைப் பொடி பூத்திருக்கும். உப்புக் காற்றின் வேலை அது.

சோதனை எளிது. சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, ஒயர் முனையை இன்ஜினின் சுத்தமான இரும்பில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் ஒயரும் பல்பும் சரி, சுவிட்ச் போயிற்று. எரியாவிட்டால் ஒயர், பல்பு, மீட்டர் போர்டு என்று பின்னோக்கிப் போங்கள். முனையை நைஸ் எமரி தாளால் தேய்த்து, கனெக்டருக்கான சிலிகான் கிரீஸை லேசாகத் தடவி மாட்டினால் அடுத்த மழைக்காலம் தாண்டும்.

புதிய மாடல்கள் சிலவற்றில் இந்தச் சுவிட்ச் நேர் எதிராக வேலை செய்யும். இன்னும் சிலவற்றில் சுவிட்சுக்குப் பதில் மூன்று ஒயர் சென்சார், கணக்குப் போடுவது வண்டியின் கணினியான இசியூ. அவற்றில் ஒயரை எர்த்தில் தொட்டுப் பார்க்கக் கூடாது. கனெக்டரில் எத்தனை ஒயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ஓரங்கட்டியாயிற்று, முதலில் டிப் ஸ்டிக்

இன்ஜின் அணைத்துப் பத்து நிமிடம் போகட்டும், மேலே தெறித்த ஆயில் இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும். சமதளமாக இருக்க வேண்டும். பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் நின்றுகொண்டு பார்த்த அளவு பொய். ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாகச் செருகி, திரும்ப உருவிப் பாருங்கள். முதல் தடவை உருவியதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் பெரும்பாலான கார்களில் சுமார் ஒரு லிட்டர். சிறிய பெட்ரோல் கார்களில் மொத்தமே 3 லிட்டரைச் சுற்றித்தான் பிடிக்கும். ஸ்டிக் நுனியில் ஆயிலே ஒட்டவில்லை என்றால் மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆயில் குறைந்திருந்தால் அதே கிரேடு ஆயிலை அரை லிட்டர் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்து, மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரும்வரை சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்து ஐந்து நொடிக்குள் விளக்கு அணைந்தால், இன்ஜினில் புதுச் சத்தம் எதுவும் இல்லாவிட்டால், மெதுவாகப் பட்டறை வரை ஓட்டலாம். அணையாவிட்டால் ரெக்கவரி வண்டிதான். இரண்டாவது தடவை ஸ்டார்ட் செய்து சோதிக்க வேண்டாம்.

ஊற்றினதோடு கதை முடியவில்லை. போன ஆயில் எங்கே போயிற்று? வண்டி நிற்கும் இடத்தில் தரையில் சொட்டு இருக்கிறதா பாருங்கள். டிரெய்ன் நட்டின் வாஷர், ஃபில்டர் ரப்பர், டாப்பெட் கவர் கேஸ்கெட், பிரஷர் சுவிட்ச், கியர் பாக்ஸ் பக்கம் கிராங்க் சீல் ஆகியவை வழக்கமாகக் கசியும் இடங்கள். எங்கும் ஒரே ஆயில் பிசுக்காக இருந்தால் எந்த இடம் என்று கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெயோ டீசலோ போட்டுக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதான் கசிவு. ஆயில் கீழே ஒழுகும், காற்றில் பின்னோக்கிப் போகும், ஆகவே ஈரத்தின் உச்சியையும் முன்பக்கத்தையும் தேடுங்கள். கசிவே இல்லை, ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு கொத்து நீலப் புகை வருகிறது என்றால் வால்வ் சீல். ரேஸ் கொடுக்கும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் ரிங்.

ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது

ஊற்றாமலே ஏறியிருந்தால் வேறு ஏதோ கலந்திருக்கிறது. ஒரு சொட்டை டிஷ்யூ தாளில் விட்டு, முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால், சொட்டைச் சுற்றி மெல்லிய வெளிர் வளையம் பரவினால், எரிபொருள் கலந்து ஆயில் நீர்த்திருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து பாரிமுனை வரை தினம் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஊர்ந்து ஓடும் வண்டியில் ஆயில் போதுமான சூடாவதில்லை, உள்ளே இறங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போவதில்லை. இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே நிலைதான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல்களில் இன்னொரு காரணம் உண்டு. புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டியான டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்க, சிலிண்டருக்குள் கூடுதல் டீசல் தெளிக்கப்படும். நெரிசலில் அது பாதியில் நின்றுபோனால் அந்த டீசலில் ஒரு பகுதி சம்ப்பில் சேரும். நீர்த்த ஆயில் சூடானதும் தண்ணீர் மாதிரி ஓடும், ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டர் தொடாமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது, விளக்கு மினுக்கும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். டீசல் வண்டியை வாரம் ஒரு முறை மாதவரம் 200 அடி சாலை மாதிரி நிற்காமல் போகிற ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர். ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெள்ளைப் பசை, ஸ்டிக்கில் ஆயில் தெளிவு என்றால் அது பெரும்பாலும் குளிர்ந்து படிந்த நீராவி, பயப்பட வேண்டியதில்லை.

ஆயில் சரியாக இருக்கிறது, விளக்கு மட்டும் எரிகிறது

இங்கேதான் பட்டறைகளில் இரண்டு தவறான பேச்சு வரும். ஒன்று, "சென்சார் போயிருக்கும்ணே, அப்படியே ஓட்டுங்க." இன்னொன்று, "கொஞ்சம் திக்கான ஆயில் ஊத்திடலாம்." இரண்டுமே அளக்காமல் சொல்வது. அழுத்தத்தை ஊசியில் காட்டும் மெக்கானிக்கல் கேஜ் ஒன்று மாட்டிப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். அளக்கும் முன் எதையும் கழற்ற விடாதீர்கள், எதையும் ஊற்ற விடாதீர்கள்.

சுவிட்சின் கனெக்டரை முதலில் உருவுங்கள். உருவும்போதே கண்ணைக் கிட்டே கொண்டுபோங்கள். பின் நடுவிலிருந்து ஆயில் சொட்டு எட்டிப் பார்த்தால், கனெக்டரின் உட்புறம் ஆயிலில் நனைந்திருந்தால், டயஃப்ரம் கிழிந்துவிட்டது. அந்தச் சுவிட்ச் சொல்வதை நம்ப முடியாது. ஒற்றை ஒயர் வண்டியில், கனெக்டரைக் கழற்றிய பிறகும் சாவி ஆனில் விளக்கு எரிந்தால் ஒயர் எங்கோ உடம்பில் உரசி எர்த் ஆகிறது. எலி கடித்த ஒயர் இந்தப் பக்கம் சகஜம். தெருவில் இரவு முழுக்க நிற்கும் வண்டியின் சூடான பானெட் எலிக்கு மெத்தை.

அடுத்து கேஜ். சுவிட்சைக் கழற்ற வண்டியைப் பொறுத்து 24 அல்லது 27 நம்பர் டீப் சாக்கெட் வேண்டும். அந்தத் துளையில் கேஜின் அடாப்டரை மாட்டும்போது அவசரம் கூடாது. ஜப்பானிய இன்ஜின்களில் பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி மரை, ஐரோப்பிய இன்ஜின்களில் பெரும்பாலும் 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. பிட்ச்சும் உள்ள மரை. இரண்டும் கையில் எடுத்தால் ஒன்றுபோலவே இருக்கும், முதல் இரண்டு சுற்று ஏறவும் செய்யும். மூன்றாவது சுற்றில் இறுகினால் நிறுத்துங்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அலுமினியம் பிளாக்கின் மரை உருண்டுவிடும், பிறகு கம்பிச்சுருள் செருகிப் புது மரை போடும் ஹெலிகாயில்தான். கழற்றிய சுவிட்சைப் பக்கத்தில் வைத்துப் பல்லோடு பல் ஒப்பிட்டுப் பார்த்து மாட்டுங்கள். கேஜின் ஹோஸ் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையோ ஃபேனையோ தொடாமல் கட்டுங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் குளிர்ந்த நிலையில் 3 முதல் 5 பார் வரை வருவது வழக்கம். ஐந்து நொடியில் ஊசி எழவே இல்லை என்றால் உடனே அணையுங்கள், விளக்கு சொன்னது உண்மை. எழுந்தால் ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை சூடேற்றி, அதன்பின் சில நிமிடம் 2000 ஆர்பிஎம்மில் பிடித்து வையுங்கள். தண்ணீர் சூடானதும் ஆயிலும் சூடாகிவிடாது, கொஞ்சம் பிந்தியே வரும். பிறகு ஐடிலிங்கில், 2000-இல், 3000-இல் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சூடான ஐடிலிங்கில் 0.8 முதல் 1.5 பார், 3000-இல் 3 முதல் 4.5 பார் என்பது பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குச் சரியான அளவு. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை. மேனுவலில் கிலோ கணக்கில் இருந்தால் குழம்ப வேண்டாம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது ஏறத்தாழ ஒரு பார். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. இந்த அளவுக்குள் ஊசி நின்றால் இன்ஜின் நலம். புது சுவிட்ச் மாட்டி 12 முதல் 15 நியூட்டன் மீட்டர் வரை மட்டும் இறுக்கி வேலையை முடித்துக்கொள்ளுங்கள். டேப்பரான மரைக்குத்தான் டெஃப்லான் டேப், அதுவும் நுனியில் ஒரு சுற்று விட்டுச் சுற்றுங்கள். முழுக்கச் சுற்றினால் எர்த் கிடைக்காமலும் போகலாம், பிய்ந்த டேப் ஆயில் வழியில் சிக்கவும் செய்யலாம்.

காலையில் சரி, சூடானதும் ஐடிலிங்கில் மினுக்குகிறது, ரேஸ் கொடுத்தால் அணைகிறது

வடசென்னையில் அதிகம் வரும் புகார் இதுதான். சத்தியமூர்த்தி நகர் சிக்னலிலோ துறைமுக கேட் வரிசையிலோ மே மாத வெயிலில் ஏசி போட்டு நின்றிருக்கும்போது விளக்கு மினுக்க ஆரம்பிக்கும், வண்டி நகர்ந்ததும் போய்விடும். ஆயில் சூட்டில் இளகுகிறது, ஐடிலிங்கில் பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது, இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் சுவிட்சின் எல்லைக்குக் கீழே போகிறது. கேஜில் ஐடிலிங் 0.3, 3000-இல் 2.5 என்று காட்டும்.

மலிவான காரணத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஆயில் எப்போது மாற்றியது? கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு மணி நேரம் நின்றபடியே ஓடும் இன்ஜினை 40, 50 கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்கு வைக்க வேண்டும். திருவொற்றியூரிலிருந்து நகரத்துக்குத் தினம் நெரிசலில் போய்வரும் வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் 6,000, 7,000-இலேயே மாற்றுவது நல்லது. ஐடிலிங் ஆர்பிஎம்மையும் பாருங்கள். 750 இருக்க வேண்டிய இடத்தில் 550-இல் தள்ளாடினால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்ததும் விளக்கு அணைந்துவிடுவதுண்டு.

பிறகு கிரேடு. மேனுவலில் உள்ள கிரேடை ஊற்றிப் புது ஃபில்டர் போட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்பதில் முதல் எண் குளிருக்கானது. சென்னையில் ஜனவரி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது, ஆகவே அந்த எண்ணால் இங்கே பெரிய வித்தியாசம் வராது. 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது இரண்டாவது எண், நமக்கு முக்கியம் அதுதான். 30 கேட்கும் இன்ஜினில் 20 ஊற்றியிருந்தால் மினுக்கலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மேனுவலே 30-உம் 40-உம் இரண்டையும் அனுமதித்தால், கோடையில் 40 போடுவது முறைதான்.

ஆனால் 20 கேட்கும் இன்ஜினில் 50 ஊற்றி விளக்கை அணைப்பது நோயை மறைப்பது. புதிய இன்ஜின்களில் வால்வ் நேரத்தை மாற்றும் பகுதி, டைமிங் செயின் டென்ஷனர், ஹைட்ராலிக் டாப்பெட் எல்லாம் ஊசித்துளை வழியாக வரும் ஆயிலை நம்பி இருக்கின்றன. கெட்டி ஆயில் அங்கே தாமதமாகச் சேரும். அழுத்தம் கேஜில் ஏறும், பேரிங்குக்குள் ஓடும் அளவு குறையும். தேய்மானம் அடியில் தொடரும்.

புது ஆயில், சரியான கிரேடு, சரியான ஐடிலிங், இத்தனைக்குப் பிறகும் 0.3-தான் என்றால் தேய்மானம். பம்பா பேரிங்கா என்று பிரிக்க சம்ப்பைக் கழற்ற வேண்டும். பம்பைப் பிரித்து, மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வையுங்கள். பல சிறிய இன்ஜின்களில் வெளி ரோட்டருக்கும் உறைக்கும் இடைவெளி 0.3 மி.மீ., பக்கவாட்டில் ஸ்கேல் வைத்துப் பார்க்கும் இடைவெளி 0.15 மி.மீ. தாண்டினால் பம்ப் மாற்ற வேண்டும். மெயின் பேரிங்குக்கும் கனெக்டிங் ராட் பேரிங்குக்கும் நசுங்கும் பிளாஸ்டிக் நூலான பிளாஸ்டிகேஜ் வைத்து இறுக்கிக் கழற்றி, நசுங்கிய அகலத்தைப் பாருங்கள். அந்த அகலம் காட்டும் இடைவெளி பொதுவாக 0.02 முதல் 0.05 மி.மீ. வரை இருக்க வேண்டும். 0.08-ஐ நெருங்கினால் ஆயில் அந்த வழியாகவே வெளியே கொட்டுகிறது, புது பம்ப் போட்டாலும் பலன் தராது. பேரிங்கைப் பார்க்காமல் பம்பை மட்டும் மாற்றினால் இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டி வரும்.

ஐடிலிங்கில் நன்றாக இருக்கிறது, வேகம் ஏறியதும் விழுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். தேய்ந்த இன்ஜின் வேகத்தில் சரியாகும், உறிஞ்ச முடியாத பம்ப் வேகத்தில் திணறும். கேஜ் ஊசி 2000 வரை ஏறி, 3000-இல் நடுங்கிக் கீழே இறங்கும். சம்ப்பின் அடியில் உள்ள ஸ்ட்ரெய்னர் வலை அடைபட்டிருக்கிறது, அல்லது உறிஞ்சு குழாயின் ஓ ரிங் காய்ந்து காற்று இழுக்கிறது. அணைத்து ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாக ஓடும், வலையில் ஒட்டிய குப்பை உதிர்ந்து கீழே விழுவதால்.

வலையை அடைப்பது மூன்று பொருள்கள். கருகி ஜெல்லியான பழைய ஆயில் ஒன்று. சம்ப் ஒட்டத் தாராளமாகப் பிதுக்கிய சிலிகான் பேஸ்ட் இன்னொன்று. கடையில் அனபாண்ட் என்று கேட்டு வாங்கும் அந்தப் பேஸ்ட் வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும், பிய்ந்து புழு மாதிரி வலையில் போய் ஒட்டும். 3 மி.மீ. கனத்தில் ஒரே கோடு, ஒவ்வொரு போல்ட் துளைக்கும் உள்பக்கமாக வளைத்துப் போட்டால் போதும். மூன்றாவது, ஆயிலுக்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட். ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் இன்ஜின் இந்த வகை. பெல்ட்டின் ரப்பர் தூள் வலையில் சேரும். வலையில் கறுப்பு நார் இருந்தால் வலையைக் கழுவினால் மட்டும் போதாது, பெல்ட்டையும் மாற்ற வேண்டும்.

ஜெல்லி பிடித்த இன்ஜினில் ஃப்ளஷ் மருந்து ஊற்றி ஓட்டும் யோசனையை நாங்கள் ஏற்பதில்லை. மேலே ஒட்டியிருந்த கசடு மொத்தமும் ஒரே நேரத்தில் கழன்று வலையில்தான் வந்து விழும். சம்ப்பைக் கழற்றிக் கையால் வழித்தெடுங்கள், வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்து குழாய்ப் பக்கமிருந்து வெளிநோக்கிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், ஓ ரிங்கைக் கட்டாயம் மாற்றுங்கள்.

எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் ஊசி ஒரே இடத்தில்

ஐடிலிங்கில் 1, 3000-இல் 1.3 என்று அசையாமல் நின்றால் பம்பில் கூடுதல் அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வ் திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது. சின்னக் குப்பையோ கீறலோ போதும். வால்வைக் கழற்றி, அதன் சிறிய உருளையான பிளஞ்சர் தன் எடையிலேயே துளைக்குள் வழுக்கி இறங்குகிறதா பாருங்கள். 2000 எண் எமரியால் லேசாகத் துடைக்கலாம். கீறல் நகத்தில் தட்டுப்பட்டால் பம்போடு மாற்ற வேண்டும்.

வளைவிலும் பிரேக் அடிக்கும்போதும் மட்டும்

ஆயில் குறைவு. சம்ப்பில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது வலை காற்றை இழுக்கிறது.

ஸ்பீடு பிரேக்கரில் அடிபட்ட பிறகு

பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கரில் 'டம்' என்று அடி விழுந்து, அதன்பின் விளக்கு வந்தால் உடனே நிறுத்துங்கள். அலுமினியம் சம்ப் கீறிக்கொள்ளும், ஆயில் கொட்டும், அது கண்ணுக்குத் தெரியும். தகர சம்ப் ஒழுகாது, உள்பக்கம் குழியும். அந்தக் குழி மேலே வந்து ஸ்ட்ரெய்னரின் வாயை அடைத்துவிடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் சரியாகவே காட்டும், ஏன், குழிந்ததால் கொஞ்சம் ஏறிக்கூடக் காட்டும். ராம்ப்பில் ஏற்றி அடியைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குழியைத் தட்டி எடுப்பதோடு விடாமல் உள்ளே ஸ்ட்ரெய்னர் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வலைக்கும் சம்ப் அடிக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தே ஆக வேண்டும்.

ஆயில் மாற்றி வந்த அன்றே விளக்கு

மாற்றிய வேலையில்தான் கோளாறு. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புது ஃபில்டரை மாட்டியிருந்தால் இரண்டு ரப்பரும் வழுக்கி ஆயில் பீய்ச்சி அடிக்கும், நிமிடத்தில் சம்ப் காலி. ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயில் ரப்பர் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். கசிவு இல்லை, அழுத்தமும் வரவில்லை என்றால் பம்பில் காற்று. ஃபில்டரை நிமிர்ந்து மாட்டும் இன்ஜின் என்றால் ஆயில் நிரப்பி மாட்டுங்கள், ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு ஐந்து நொடி வீதம் மூன்று தடவை கிராங்க் செய்யுங்கள். விளக்கு அணைந்த பிறகு ஃப்யூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம்.

காலையில் மட்டும் நான்கைந்து நொடி விளக்கு நின்று, மேலே டாப்பெட் 'டிக் டிக்' சத்தம் கேட்டுப் பிறகு எல்லாம் சரியானால் ஃபில்டரின் உள்ளே ஆயிலைத் திரும்ப இறங்காமல் பிடிக்கும் ரப்பர் வால்வ் சரியில்லை. போலி ஃபில்டர்களில் இது சகஜம். ஒரிஜினல் ஃபில்டர் மாற்றினால் மறுநாள் காலையே வித்தியாசம் தெரியும்.

விளக்கோடு கீழேயிருந்து சத்தம்

மேலேயிருந்து மெல்லிய டிக் டிக் வந்தால் நம்பிக்கை உண்டு. அடியிலிருந்து கனமாக 'டங் டங்' என்று, ரேஸ் கொடுத்து விடும்போது கூடிக் கேட்டால் கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது. இனி ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள், கிராங்க்கையாவது காப்பாற்றலாம்.

உறுதி செய்ய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். ஹேக்ஸா பிளேடால் வெட்டினால் அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும், சக்கரம் வைத்த ஃபில்டர் கட்டரால் வெட்டுங்கள். உள்ளே இருக்கும் தாளை மடிப்பு மடிப்பாக விரித்து வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். கறுப்புப் பிசுக்கின் நடுவே மீன் செதிள் மாதிரி மினுங்கும். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டாத வெள்ளிச் செதிள் பேரிங் அல்லது பிஸ்டனின் அலுமினியம், செம்பு நிறம் பேரிங்கின் அடி அடுக்கு, காந்தத்தில் ஒட்டினால் கிராங்க், கேம் அல்லது பம்ப் ரோட்டர்.

தண்ணீரில் நின்ற வண்டி

வடகிழக்குப் பருவமழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் சிக்கிய வண்டியோ, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் போல வீட்டு வாசலிலேயே மூழ்கிய வண்டியோ, தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி, டிப் ஸ்டிக்கையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனம், ஒரு ராத்திரி நின்ற வண்டியில் டிரெய்ன் நட்டை லேசாகத் தளர்த்தினால் முதலில் தண்ணீர்தான் வரும். வந்தால் மொத்தத்தையும் இறக்குங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் கிராங்க்கைச் சுற்றி, சிலிண்டரில் உள்ள தண்ணீரை வெளியேற்றுங்கள். டீசல் என்றால் க்ளோ பிளக் அல்லது இன்ஜெக்டரைக் கழற்றும் வேலை, தெரிந்தவரிடம் விடுங்கள். புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, கேஜ் மாட்டி, ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் மட்டும் ஓட்டி இறக்குங்கள். பால் நிறம் இருந்தால் மறுபடி. வழக்கமாக இரண்டு, மூன்று தடவையில் தெளியும்.

இறக்கிய ஆயிலைக் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள். அந்த மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர் வலையும் படகும் கறுத்ததைப் பார்த்த ஊர் இது. பட்டறை வாசல் கால்வாயில் ஊற்றும் மூன்று லிட்டரும் அதே தண்ணீரில்தான் போய்ச் சேரும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது

பம்போ பேரிங்கோ மாற்றியிருந்தால் சுவிட்சை மாட்டுவதற்கு முன் கேஜிலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், கிட்டே நின்று பாருங்கள். குளிர்ந்த ஐடிலிங், சூடான ஐடிலிங், சூடான 3000 என்று மூன்று எண். பேரிங் மாற்றிய இன்ஜினில் முதல் ஆயிலை 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் இறக்கி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். சர்வீஸ் ஸ்டிக்கரில் தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு ஆகியவற்றோடு சூடான ஐடிலிங் அழுத்தத்தையும் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். இரண்டு வருடம் கழித்து விளக்கு மினுக்கினால், 1.2 இருந்தது இப்போது 0.9 ஆகியிருக்கிறதா, 0.3 ஆகியிருக்கிறதா என்று அடுத்த மெக்கானிக்குக் காட்ட உங்கள் கையில் ஓர் எண் இருக்கும்.